அம்சா சாப்பிட்ட வீடு

— "கதை எழுதறவரு செத்துட்டா, கதைல கீறவங்களுக்கு யாருப்பா சோறு போடுவாங்க?" ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கினு நம்ம அம்சா கேட்டுச்சே, நெனப்பு கீதாயா?

— கீது.

— நீ இன்னா சொன்ன?

— அதுக்குள்ள நர்ஸம்மா வந்துட்டாங்க. வுடு கன்னிம்மா.

— நேத்து பேப்பர் பாத்ததுலேர்ந்து இப்டியே குந்திக்கினு கீற. டிப்போவுக்கும் போவல. நாஸ்தாவும் ஆறிப்போச்சு. அழுதுடேன்யா.

— வரல. ஸ்கூல்ல படிக்கச் சொல்லோ அவரு பொஸ்தகத்தத் தொட்டேன், இன்னிக்கு வரிக்கும் வுடல. ஏசுபாதம் காலமானார்னு போட்டுக்கீது, கண்ணு காஞ்சு கெடக்குது. டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சு வெரலு மரத்துப்போவும்ல, அது மாரி கீது நெஞ்சு.

— எனக்கு அவரு கதைன்னாலே நம்ம புள்ளதான். அது கண்ண மூடுனப்புறம் அவரு எழுதுன எல்லாத்துலயும் அம்சான்னு ஒரு பொண்ணு வரும்ல. பள்ளிக்கூடம் போச்சு. வயசுக்கு வந்துச்சு. காலேஜுக்கு செங்கல்பட்டுல ரயிலேறிச்சு. போன வாரம் பொண்ணு பாக்க வந்தாங்க.

— உம்.

— மாப்ள இன்னா சொன்னான்? அடுத்த வாரம்னு படிக்கறத நிறுத்திட்டியே.

— இனிமே ஏது அடுத்த வாரம்? எழுதறவரே போயிட்டாரு. வுடு.

— அப்ப கல்யாணம்?

— வுடுன்றேன்ல.

— சரி, வுட்டேன். காலைல மொத பஸ்ஸுல மாமல்லபுரம் போய் வந்தேன்.

— மீனு வாங்கவா?

— மீனு வாங்க யாராச்சும் எள்ளு முடிஞ்சுக்கினு போவாங்களா? ஏசுபாதத்துக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சுட்டு வந்தேன்.

— அவரு வேதக்காரரு கன்னிம்மா. ஐயரு கோத்திரம் கேக்கலியா?

— ஐயரும் இல்ல, கரைல ஒரு ஆளும் இல்ல. கரைக்கோயிலு சாமி, உன்னாண்ட குடுக்கறேன், ஏசு சாமியாண்ட நீயே சேத்துடுன்னு சொல்லிட்டேன்.

— பொம்பள எறைக்கக் கூடாதும்பாங்களே.

— கடன்பட்டவ நான். வேற யாரு எறைப்பா?

— உனக்கு அவராண்ட இன்னா கடன்?

— ஒரு தபா நீ டபுள் டூட்டி போயிட்ட. வாரப் பொஸ்தகம் வந்துடுச்சு. எனக்குப் பொறுக்கல. பக்கத்து வூட்டு ஜோதிலட்சுமியப் படிக்கச் சொன்னேன். மொதல்லேர்ந்து கடசி வரிக்கும் படிச்சா. அம்சா வரல.

— கன்னிம்மா...

— மறுநாளு அதே பொஸ்தகத்த நீ படிச்ச. அம்சா வந்துச்சு. தாவணி கட்டிக்கினு, மல்லிப்பூ வெச்சுக்கினு.

— எப்போ நடந்துச்சு இது?

— அது வயசுக்கு வந்த வாரம்.

— அப்பலேர்ந்து தெரிஞ்சுக்கினேவா கேட்டுக்கினு இருந்த?

— எழுத்து தெரியாதவளாச்சேன்னு நீ சேத்துச் சேத்துப் படிச்ச. தெரியும்னு சொல்லிட்டா நிறுத்திடுவியே.

— அவரு அம்சாவப் பத்தி ஒரு வரிகூட எழுதல. அப்பறம் அவருக்கு எதுக்கு எள்ளு?

— நம்ம புள்ள இத்தினி வருசமா அவருக்குத் தெரியாமயே அவரு வூட்டுல துன்னு வளந்துச்சேயா. அந்தக் கடனக் காலைல தீத்துட்டேன். நீ சொல்லு, மாப்ள இன்னா சொன்னான்?