மூடுபனியிலிருந்து வந்தவள்

இந்த ஆட்டத்துக்கு வட்ட மேஜை உதவாது. அழகாக இருக்கிறதென்று பலரும் அதைத்தான் வாங்கிப் போடுகிறார்கள். அப்புறம் கதை நடத்துகிறவன் தன் பகடையை எங்கே மறைத்து உருட்டுவது என்று திண்டாடுகிறான். என் வீட்டு பேஸ்மென்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட நீளமான சாப்பாட்டு மேஜை. ஒரு முனையில் நான், என் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு. மற்றவர்கள் இரண்டு பக்கமும். நடுவில் சீஸும் சிப்ஸும்.

நீங்கள் ஏரியைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் மேஜையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், டிடெக்டிவ். மேஜை புரியாவிட்டால் ஏரி புரியாது.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, எல்லோரும் சேர்ந்து கதை நடத்துகிற ஆட்டம் இது. ஜெயிப்பதும் இல்லை, முடிவதும் இல்லை. ஆட்கள் உலவ ஓர் உலகம் வேண்டும். அதைக் கடையில் தடித்தடிப் புத்தகமாக விற்கிறார்கள். ஆயிரம் வருடத்து ராஜாக்கள், அவர்களுடைய மாமன் மச்சான் பெயர்கள், நதிகளின் நீளம், எல்லாம் அச்சில் இருக்கும். எனக்கு அவை வாடகை வீடு மாதிரி. ஓர் ஆணி அடிக்கக்கூட யாரையோ கேட்க வேண்டும்.

நான் உண்டாக்கியதற்கு ஓரமில்லா நாடு என்று பெயர். அதன் வரைபடத்தில் நடுப்பகுதி மட்டும்தான் வரைந்திருக்கும், சுற்றிலும் மூடுபனி. மூடுபனியிலிருந்து எது வந்தாலும் அது இந்த நாட்டைச் சேர்ந்தது என்பதுதான் ஒரே சட்டம். எங்களோடு விளையாடும் பெர்னிஸுக்கு வாளும் மந்திரமும் அலுத்துவிட்டன. அவள் நிஜத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு நாள், "எனக்குப் பறக்கிற பஸ் வேணும், ஆரின். டிராகன் குறுக்க வந்தா ஹார்ன் அடிப்பேன்" என்றாள். மூடுபனியிலிருந்து பஸ் வந்தது. தூண்டில் கடை வைத்திருக்கும் டுவேன் ஒரு துப்பறியும் கதை கேட்டான். அதற்கும் ஒரு தெருவும் ஒரு பிணமும் கிடைத்தன. யார் எந்த மனநிலையில் வந்தாலும் அவர்களுக்கு அங்கே இடமிருந்தது. வாரம் முழுக்க மற்றவர் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுதுபார்த்துக் கரி படிந்த கையோடு வருகிறவனுக்கு அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். எனக்கு அந்த நாடுதான் குடும்பம்.

இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்ல வேண்டும். மூடுபனியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தவர்தான் அதற்குச் சொந்தக்காரர். அதைத் திருப்பி அனுப்பவும் அவருக்கு மட்டுமே உரிமை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டால் அது நாட்டுக்கு, அதாவது எனக்கு. எங்களோடு விளையாடிய கஸ் பக்கவாதத்தில் போனபோது அவன் நடத்திய சத்திரம் அப்படித்தான் என்னிடம் வந்தது. இன்றைக்கும் அதில் சூப் நன்றாக இருக்கும்.

மற்றது, தலையில் கை வைப்பது. மேஜையில் ஒருவர் பேசும்போது பாத்திரம் பேசுகிறதா ஆள் பேசுகிறாரா என்று குழப்பம் வரும். அதனால், நிஜ ஆளாகப் பேசுகிறவர் உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். பெர்னிஸ் அதைச் சிப்ஸுக்குத்தான் அதிகம் பயன்படுத்தினாள். "தலையில கை. அந்தக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்றீங்களா, இல்ல நான் பட்டினியிலயே சாகட்டுமா?" என்பாள். பாத்திரங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். தலையில் கை வைத்துக் கேட்டவருக்கு மட்டும் யாரும் பொய் சொல்லக் கூடாது.

லைல் சீஸ் ஆலையில் வேலை செய்தவன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குச் சினேகிதன். அவன் மகள் ஹெட்டி ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அதற்குப் பிறகு அவன் மனைவியும் ஒஹாயோவில் இருக்கும் தன் அக்காவிடம் போய்விட்டாள். சனிக்கிழமை மதியம் தவறாமல் வந்து உட்காருவான், வாயே திறக்க மாட்டான், அவன் முறை வந்தால் பகடையை மட்டும் உருட்டுவான். ஒரு நாள் கையைத் தலையில் வைத்தான்.

"ஆரின், மூடுபனியில இருந்து எது வேணா வரலாம்னு சொல்லுவியே."

"ஆமா."

"ஹெட்டி வரலாமா?"

பெர்னிஸ் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். டுவேன் தன் பீர் பாட்டிலின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். வரலாம் என்று நான் சொன்னேன். கடையில் வாங்கிய எந்த உலகத்திலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஓரமில்லா நாட்டின் ஆற்றங்கரையில் இருந்த மாவு மில்லுக்கு அவள் வந்து சேர்ந்தாள். அவளுக்காக நான்தான் பேச வேண்டும். எப்படிப் பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள் என்று லைலைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாண்ட்விச்சிலிருந்து ஊறுகாய் வெள்ளரிக்காயை மட்டும் உருவித் தின்பாள். வாத்து என்றால் பயம். அவன் சிரித்தான், அழுதான், சாப்பிட ஆரம்பித்தான். முதல் மாதங்களில் நான் அவன் சொன்னதை ஒப்பித்தேன், அவ்வளவுதான். பிறகு கதையில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. வயதைக் கூட்டலாமா என்று கேட்டேன். "கூட்டு" என்றான்.

அங்கேதான் எல்லாம் மாறியது. லைலுக்குத் தெரிந்த ஹெட்டிக்கு ஒன்பது வயதுதான். பத்து வயது ஹெட்டியை அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் நான் வளர்த்தது. மில் சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தேன். வாத்துப் பயம் போய், மூன்று வாத்து வளர்த்தாள். யாருடைய ஃபர்னஸுக்கு அடியிலோ மல்லாந்து படுத்திருப்பேன், இதை அவள் பார்த்தால் என்ன கேட்பாள் என்று தோன்றும். சிரிப்பு வந்துவிடும். வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அவள்மேல் உயிர். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

லைல் தேறிவிட்டான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. டூசானிலிருந்து வந்திருந்த மார்னி என்ற பெண்ணை ஒரு கல்யாண விருந்தில் பார்த்தான். நல்ல பெண்தான். எங்கள் குளிர் அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் ஏப்ரலில் டூசானுக்கே போவதாக முடிவாயிற்று. மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை அதை மேஜையில் சொன்னான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"பாலைவனத்துல போய் என்னத்தை மீன் பிடிக்கப் போற, லைல்?" என்றான் டுவேன்.

"தேள் பிடிப்பான்" என்றாள் பெர்னிஸ். "பொரிச்சா நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பொரிக்கிற மீன் மாதிரியே இருக்குமாம். மார்னிகிட்ட சொல்லி வை."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அப்புறம் அவன் தலையில் கை வைத்தான்.

"அடுத்த சனிக்கிழமை ஹெட்டியை அனுப்பி வெச்சிரலாம்னு பாக்கறேன். மூடுபனிக்குள்ள அவ நடந்து போகட்டும். நான் கரையில நின்னு கையசைக்கறேன். அது போதும் எனக்கு."

பெர்னிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பஸ் எடுத்துட்டு வரேன், கொண்டுபோய் விடறேன். கேக்கும் நானே செய்யறேன்" என்றாள்.

நான் நியாயமாகத்தான் பேசினேன். "நீ போ, லைல். அவ இங்கயே இருக்கட்டும். மில்லைப் பாத்துக்கிட்டு இருக்கட்டுமே. நீ லீவுக்கு வரும்போது பாத்துக்கலாம்."

"இல்லடா."

"அவளுக்கு இங்க என்ன குறை?"

"ஆரின், அவ செத்துட்டா." குரலை அவன் உயர்த்தவே இல்லை. "அவ என் பொண்ணு. நான் அங்க போன பிறகு நீ அவளை வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராது. நீ எனக்குப் பண்ணினதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இது முடியணும்."

சரி என்றேன். சட்டப்படி அவனுக்குத்தான் உரிமை. சட்டத்தைப் போட்டவனே நான்தான்.

அதன்பிறகு ஆட்டம் தொடர்ந்தது. டுவேனின் துப்பறியும் கதையில் வந்த பிணத்தைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே ஹெட்டியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அன்று மில் கூரையில் தார் பூசிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்காமலே நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி தேதி குறித்துவிட்டோம். ஒரு குழந்தையைப் பறிகொடுப்பது எப்படியிருக்கும் என்று லைலுக்குத் தெரியும். தெரிந்தும் அதை எனக்குச் செய்கிறானே என்று இருந்தது.

கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டு லைல் மறுபடியும் தலையில் கை வைத்தான்.

"ஆரின், காலையில நீ ஏரிக்குப் போயிருந்தேல்ல? என் மீன்பிடிக் குடிசை இன்னும் ஏரி ஐஸ் மேலதான் கெடக்கு. ஐஸ் உருகறதுக்குள்ள, நாளைக்கு வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன். கிழக்கு ஓடை வழியில ஐஸ் இன்னும் வண்டியைத் தாங்குமா?"

நான் காலையில் போயிருந்தது உண்மை. என்னுடைய மீன்பிடிக் குடிசையை இழுத்துவர மேற்குக் கரை வழியாகப் போனேன். திரும்பும்போது கிழக்கு ஓடை ஏரியில் வந்து கலக்கிற இடத்தில் நடந்து பார்த்தேன். ஐஸைச் சோதிக்கக் கடப்பாரையை முதல் தடவை போட்டபோது சத்தமே சரியில்லை. இரண்டாவது தடவை அது உள்ளே போய்விட்டது. மேலே பெய்திருந்த புதுப் பனி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியிருந்தது. கரையிலிருந்து பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. போகிற வழியில் டுவேன் கடையில் சொல்லி அங்கே ஓர் எச்சரிக்கைக் கொடி நட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மறந்துவிட்டது. அது மறதிதான், அதை மட்டும் வேண்டுமென்று செய்யவில்லை.

"தாங்கும்" என்றேன். "நான் அந்த வழியாத்தான் என் வண்டியையே ஓட்டிட்டு வந்தேன்."

"மார்ச் மாசம், பாத்துப் போப்பா" என்றாள் பெர்னிஸ்.

"ஆரின் சொல்லிட்டானே" என்று லைல் கையைத் தலையிலிருந்து எடுத்தான். போகிற போக்கில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலையில் நான் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தபோது ஏரிப் பக்கம் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். மற்றவர்களோடு சேர்ந்து கயிறு பிடித்தேன். என் கை மரத்துப்போகிற வரை விடவில்லை, நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். லைலின் அடக்கத்தன்று சர்ச்சின் பேஸ்மென்ட்டில் மார்னி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவர் எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவார்" என்றாள். அவளுக்கு ஒரு ஹாம் சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தேன். நாள் முழுக்க அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

பெர்னிஸ்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும். ஒரு மாதமாக மேஜைக்கு வருவதில்லை. எதிரே பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அவன் தலையில் கை வைத்துக் கேட்டான் என்று சொல்லியிருப்பாள். அது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. அவளுக்கு அது போதும். என் குடிசையை மேற்குக் கரை வழியாக இழுத்துப்போன தடத்தை டுவேன் பார்த்திருக்கிறான், அதுவும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

ஐஸைப் பற்றி யார் வேண்டுமானாலும் தப்பாகக் கணிக்கலாம், கைதவறி நடந்தது என்று எழுதிக்கொள்ளலாமா என்று சற்று முன் கேட்டீர்கள். அன்பாகத்தான் கேட்டீர்கள். வேண்டாம். தாங்காது என்று எனக்குத் தெரியும். அவன் அந்த வழியில்தான் போவான் என்றும் தெரியும். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் போவான் என்பதற்காகத்தான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

வருத்தமில்லையா என்றால், இருக்கிறது. லைல் இல்லாத மேஜையைப் பார்க்க முடியவில்லை. அவன் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், நாங்கள் சிரித்து முடித்த பிறகு. அது காதிலேயே இருக்கிறது. ஆனால் மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டால், இல்லை. ஹெட்டி நன்றாக இருக்கிறாள். கூரை வேலை முடிந்துவிட்டது. வாத்துகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. உங்கள் லாக்கப்பில் சத்தம் அதிகம், ஆனாலும் தினமும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மனதில் ஒன்று தோன்றினால் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிற பெண் அவள், அப்படித்தான் அவளை வளர்த்திருக்கிறேன். அவள் அப்பாவுக்கு நான் கெடுதல் செய்திருந்தால் என்னைச் சும்மா விடுவாளா? இத்தனை நாளில் அப்பா எங்கே என்று அவள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை.