சத்து மாத்திரை

— வழியை விடுங்க டாக்டர்! பல்லு பிடுங்க வந்த மனுஷனை நெஞ்சுல ஒயரை ஒட்டிப் படுக்க வச்சிருக்கீங்க. என் புருஷனைப் பார்க்க எனக்கு உங்க பர்மிஷன் வேணுமா?

— அம்மா, ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டே இருக்கு. அவருக்கு இதயத் துடிப்பு இன்னும் தாறுமாறா ஓடுது. நர்ஸ் பக்கத்துலயே இருக்காங்க. நான் கேக்குறதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

— தாறுமாறா ஓட வச்சது யாரு? கடவாப்பல்லு எலும்புக்குள்ள புதைஞ்சிருக்கு, லேசா மயக்கம் குடுத்து எடுத்துடலாம்னு சொன்னது நீங்கதானே?

— நான்தான். ஆனா போன வாரமே நெஞ்சுக் கோளாறு உண்டான்னு ஃபாரத்துல கேட்டிருக்கு. இல்லைன்னு எழுதியிருக்காரு. தினசரி மாத்திரை? அதுவும் இல்லையாம்.

— இருந்தாத்தானே எழுத! ஜலதோஷம்கூட அண்டாத உடம்பு அது. அவர் எழுதுறப்போ பக்கத்துல நான் உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?

— அதாம்மா வினையே. பாதி மயக்கத்துல என்ன உளறினாரு தெரியுமா? "அவகிட்ட சொல்லிடாதீங்க, லாரி ஓட்ட விடமாட்டா"ன்னாரு.

— எதைச் சொல்லக் கூடாதாம்?

— இந்த அட்டை அவர் சட்டைப் பையில இருந்துச்சு. தெரியுதா?

— அட, இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? சத்து மாத்திரை! ரெண்டு வருஷமா தினம் காலையில ஒண்ணு போடுறாரு. பழியை எம்மேல திருப்பப் பாக்குறீங்களா?

— சத்துமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை! இதயத் துடிப்பு எகிறாம பிடிச்சு வைக்கிற மாத்திரைம்மா இது. ஒரு வேளைகூட விடக்கூடாது. இன்னைக்குப் போட்டாரா?

— பாவி மனுஷா... என்கிட்டயே மறைச்சியா...

— அவரை அப்புறம் திட்டுங்க. போட்டாரா, இல்லையா?

— உங்க ஆளுதானே போன்ல சொல்லுச்சு, ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள போகக் கூடாதுன்னு!

— மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா ஒரு வாய்த் தண்ணியில போடச் சொல்லியிருப்போம். ஃபாரத்துல மாத்திரையே இல்லைன்னு எழுதியிருந்தாரே! ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது, சீக்கிரம் சொல்லுங்க.

— போடத்தான் எடுத்தாரு. ஒண்ணே ஒண்ணுதாண்டின்னு கெஞ்சினாரு. நான்தான் கையைத் தட்டி விட்டேன்.

— அம்மா...

— "ஒரு நாள் சத்து இல்லன்னா செத்தா போயிடுவீங்க?"ன்னு கேட்டேன் டாக்டர்.