அரக்கு முத்திரையும் நீட்டிய பாவும்

ஓடுகிறேன். நெஞ்சோடு அணைத்த இரும்புப் பெட்டி. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே அம்மிக் குழவி கனம். பின்னால் காலடிகள். முதல் கல் தோளில் விழுகிறது. அடுத்தது பெட்டியில். டங்.

"ஸ்பை ஓடறான்பா. வுடாதீங்க."

அந்த ஸ்பை நான்தான். பெயர் சேகர். வயது இருபத்திரண்டு. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் பிறந்தவன். துரத்துகிறவர்களும் அதே தெருதான். 1971 டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கி ஐந்தாம் நாள். செவ்வாய்க்கிழமை. வெயில் இன்னும் ஏறவில்லை.

பெட்டிக்குள் இருப்பது நானே கட்டிய டிரான்ஸ்மிட்டர். மூடியில் அரக்கு முத்திரை. அது உடையாமல் போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேர வேண்டும். உடைந்தால் நான் சண்டைக் காலத்தில் ரகசியமாகப் பேசினவன். உடையாவிட்டால் பேசாதவன். என் பக்கம் வேறு சாட்சி கிடையாது.

திருட்டுத்தனமாக வைத்திருந்ததல்ல. பொழுதுபோக்காக ரேடியோவில் பேச லைசென்ஸ் இருந்தது. மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதினேன். மோர்ஸ் கேட்டு எழுதிக் காட்டினேன், தட்டியும் காட்டினேன். எவ்வளவு வாட் வரை போகலாம், எந்த அலைவரிசை, யாரோடு என்ன பேசலாம், எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. எனக்கு அனுமதித்த பவரில் பாதியைக்கூட என் பெட்டி தொடாது. இரண்டு பல்பு எரிகிற மின்சாரம். அதை வைத்துக்கொண்டு இலங்கைக்காரர் ஒருவரோடு வானிலை பேசியிருக்கிறேன். தெருவில் சொன்னேன். சிரித்தார்கள். அப்போது சிரிப்போடு போயிற்று.

வெள்ளிக்கிழமை சண்டை வந்தது. என்னைப் போன்ற அமெச்சூர் ரேடியோ நிலையங்கள் வாயை மூட வேண்டும் என்று உத்தரவு. சனிக்கிழமை நானே பெட்டியைச் சைக்கிளில் வைத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஏட்டு கயிறு கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்தார். வீட்டிலேயே வைத்துக்கொள், கேட்டால் காட்டு என்றார். ஆன்டெனாவை இறக்கும்படி யாரும் சொல்லவில்லை. பெட்டி இல்லாத ஆன்டெனா வெறும் கொடிக்கம்பி. துணி காயப்போடலாம்.

தெரு அப்படி நினைக்கவில்லை. எங்கள் கூரைமேல் நாற்பதடி மூங்கில். அதிலிருந்து தெருக்கோடிப் புளியமரம் வரை செம்புக் கம்பி. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, தெருவிளக்கை அணைத்து, விமானம் வருமோ என்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. மேலே பார்த்தால் என் கம்பி.

அதோடு இரைச்சல். டீக்கடை ரேடியோவில் தினமும் மாலைச் செய்தி தொடங்கியதும் கர்ர்ர். நின்று, மறுபடி கர்ர்ர். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று கேட்க முடியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். எதிர்வீட்டுத் தாண்டவன் மாமா பெரிய கை. பல தறிகள். பட்டு நூல் சுற்ற மின்சார மோட்டார் வாங்கியிருந்தார். சாயங்காலம்தான் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"மாமா, உங்க மோட்டார்ல பிரஷ் தேஞ்சிருக்குது. பொறி பறக்குது. அதான் ரேடியோல கேக்குது."

"ஏம்பா, என் மோட்டாரு எதிரியோட பேசிக்கினு இருக்குதா?" என்றார். கடையே சிரித்தது. "மாட்டிக்கினவன் அடுத்தவன கைகாட்டறான் பாரு."

"புள்ளியும் கோடுமா தட்டுவானாம், அது சேதியாம்" என்றான் ஒருவன்.

"தறி அட்டையில ஓட்ட போட்டா சேலையில மாங்கா வருதில்ல? புள்ளி வெச்சா ஏன் சேதி வராது?" என்றான் இன்னொருவன்.

நெசவாளிக்குத்தான் இப்படித் தோன்றும். கணக்கு சரி. அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

செவ்வாய் காலை வந்தார்கள். கையில் அரிவாள், கடப்பாரை. பெட்டியை உடைக்கத்தான் வந்தார்கள். என் அண்ணன் ஏழுமலை வாசலை அடைத்து நின்றான். தறியைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன். ரேடியோவைத் தொட்டதுகூட இல்லை.

"டேய் சேகரு, பொட்டிய தூக்கிக்கினு ஸ்டேஷனுக்கு ஓடுடா. சீலு பத்திரம்."

கொல்லை வழியாக வெளியே வந்து தெருவில் ஓடினேன்.

தெருவில் பாவு நீட்டியிருக்கிறது. சேலைக்கான பட்டு இழைகளை இடுப்புயரத்தில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிட்டிருக்கிறார்கள். அரக்குச் சிவப்பு. தாண்டவன் மாமாவுடையது. நீட்டிய பாவை யாரும் தாண்டுவதில்லை. கீழே நுழைவதும் இல்லை. எவ்வளவு அவசரமானாலும் கோடிக்குப் போய்ச் சுற்றித்தான் வருவோம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு அது தெரியும்.

ஸ்டேஷனுக்குப் போகும் சந்து பாவுக்கு அந்தப் பக்கம்.

"பாவு. பாவுடா. நில்றா."

குனிந்தேன். முழங்காலில் விழுந்து பெட்டியை முன்னால் தள்ளி, கீழே நுழைந்தேன். தலைக்கு மேல் ஈரக் கஞ்சி வாசனை. ஒரு இழையும் என்மேல் படவில்லை. பெட்டிக்குள் கிளிங் என்று கண்ணாடி நொறுங்கியது. பல்பு மாதிரி இருக்கும் வால்வு. எழுந்து பார்த்தேன். துரத்தி வந்தவர்கள் பாவோரம் நிற்கிறார்கள். கல்லோடு, தடியோடு. ஒருவரும் கடக்கவில்லை. கோடியைச் சுற்ற ஓடினார்கள். அதற்குள் சந்தில் புகுந்துவிட்டேன்.

ஏட்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரக்கை விரலால் தடவினார்.

"அப்படியே இருக்குதுபா. நீ பேசல."

பெட்டியை அங்கேயே வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரரை என்னோடு அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு அமைதியாக இருந்தது. மூங்கில் எங்கள் ஓட்டின்மேல் கிடந்தது.

நடந்ததைப் பிறகு அம்மா சொன்னாள். பெட்டி கிடைக்காத கோபத்தில் கொல்லையில் நுழைந்து, மூங்கிலைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பியை அறுத்திருக்கிறார்கள். அறுத்தவனுக்கு அது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. தெருப்பக்கம் சாய்ந்தது. கீழே பாவு.

"பாவுமேல வுழுதுடா" என்று கத்திக்கொண்டு அண்ணன் அறுந்த கம்பியைப் பாய்ந்து பிடித்திருக்கிறான். வலது கையில் சுற்றி இழுத்திருக்கிறான். கம்பி அவன் உள்ளங்கை வழியாக ஓடியது. விடவில்லை. மூங்கில் திரும்பி எங்கள் கூரையில் விழுந்தது.

அன்று மாலை அவன் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்தான். டீக்கடையில் செய்தி தொடங்கியது. கர்ர்ர். நின்று, மறுபடி கர்ர்ர். யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பக்கமும் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரஷ்ஷ மாத்தச் சொல்லுடா அந்தாள" என்றான் அண்ணன்.

சண்டை அந்த மாதமே முடிந்தது. முத்திரையைப் பிரித்துக் கொடுத்தார்கள். லைசென்ஸ் செல்லும் என்றார்கள். ஸ்பை என்ற பேச்சு நின்றது. பாவுக்குக் கீழே நுழைந்தவன் என்ற பேச்சு நிற்கவில்லை. தாண்டவன் மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மறக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போனவை இவை. மூங்கில் ஒன்று. செம்புக் கம்பி முழுதும், அதை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வால்வு ஒன்று. கூரை ஓடுகள். தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடாவை எறிகிற அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள். அவை இருக்கின்றன, மடங்குவதில்லை. அவன் தறி அன்றிலிருந்து ஓடவில்லை.

தாண்டவன் மாமாவின் பாவில் ஒரு இழைகூட அறுபடவில்லை.