பின்சீட்டில் நான்

“பின்னால நான் பாத்துக்கறேன், நீ ரோட்டப் பாரு.”

செங்கல்பட்டில் சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறி, எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண்தான் புருஷனிடம் அப்படிச் சொன்னாள். அவன் கடைசி சீட்டுக்குப் போகப் பார்த்தான்.

“முதுகாண்ட ஆள் இருந்தா எனக்கு ஆவாது, தெரியும் இல்ல?”

“மிலிட்டரிய வுட்டு வந்து ரெண்டு வருசம் ஆச்சுய்யா. கடைசி சீட்டு வேணாம்னு கவுன்சிலிங் மேடம் இன்னிக்கும் சொன்னாங்களா இல்லயா? உக்காரு.”

உட்கார்ந்தான். அவள் பக்கவாட்டில் திரும்பி, என்னையே பார்த்தபடி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

“யாரு கீறாங்க?”

“ஒரு வயசான அம்மா. மடில முருங்கக்கீர வச்சினு கீறாங்க.”

எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டான். “இப்ப இன்னா பண்றாங்க?”

“ஒண்ணும் பண்ணல. நாம பேசறத ஒட்டுக் கேட்டுகினு கீறாங்க.”

அவன் சிரித்துவிட்டான். அதுவரை விறைப்பாக இருந்த முதுகு சீட்டில் சாய்ந்தது. சற்று நேரத்தில் அவள் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் என்னைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

திருக்கழுக்குன்றம் வந்தது. நான் இறங்கவேண்டிய இடம். என் மூட்டுவலிக்கு முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்காமல் எழ முடியாது. கம்பி அவன் பிடரியை ஒட்டி இருந்தது.

கீரையோடு சதுரங்கப்பட்டினம் வரை போனேன்.