அரை இஞ்ச் மேடத்துக்குக் கல்யாணம்

ஹலோ... ஏய் சுருட்டை, நான்தான்டி... ஆமா, சலூன்லேர்ந்துதான். சத்தமாப் பேச முடியாது, பின்னாடி துண்டு துவைக்கிற ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறேன்... சேச்சே, திருடன் எல்லாம் இல்ல. அதைவிடப் பெரிய ஆள்... இரு இரு, முதல்ல நீ எங்க இருக்க?... கார்லயா? யார் ஓட்டுறா?... அந்தப் பல் டாக்டரா? இன்னுமா அவர் உன்கிட்ட கத்துக்கிட்டு இருக்கார்?... எட்டு மாசமா! சரி, ஓரமா நிறுத்தச் சொல்லு. நான் சொல்றதைக் கேட்டு நீ கத்துவ, அந்த மனுஷன் பயந்துபோய் எது மேலயாவது ஏத்திடுவார்... நிறுத்தியாச்சா?... இண்டிகேட்டர் போட்டாரா?... பரவாயில்லையே, தேறிட்டார்.

இப்ப கேளு. என் கடை நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்க தெரியுமா?... இல்ல... இல்லடி... டிவியில வர்றவங்க என் கடைக்கு எதுக்குடி வரப்போறாங்க! அரை இஞ்ச்!... அரை இஞ்ச்சுடி! பட்டாளத்துல நமக்கு டிரில் எடுத்தாங்களே, நம்ம மேடம்!... ஹலோ?... ஹலோ, இருக்கியா?... ஆமா, உயிரோடதான் இருக்காங்க, முதுகு இன்னும் கம்பி மாதிரிதான் இருக்கு. நாற்காலியில சாயவே இல்ல. தலையில துணி கட்டிக்கிட்டு உள்ள வந்தாங்க, எனக்கு அடையாளமே தெரியல. 'இந்தக் கண்ணாடி இடது பக்கம் அரை இஞ்ச் இறங்கியிருக்கு'ன்னாங்க பாரு... ஆமா! அதே குரல்! என் கையில இருந்த சீப்பு கீழ விழுந்துடுச்சு. இருபத்தாறு வருஷம் ஆச்சு, எனக்கு நாப்பத்தாறு வயசு ஆச்சு, கால் ரெண்டும் தானா சேர்ந்து நின்னுடுச்சுடி!

சிரி, சிரி... நீயா இருந்தா மேஜைக்கு அடியில போயிருப்ப.

ஞாபகம் இருக்கா? சட்டைப் பையில அந்த இரும்பு ஸ்கேல்... ஆமா ஆமா, காலருக்கும் கொண்டைக்கும் நடுவுல அரை இஞ்ச் தெரியணும்... 'இது கொண்டையா, இல்ல காக்கா பாதியில விட்டுட்டுப் போன கூடா?'... உன்னைத்தான், வேற யாரை! ராத்திரி கொண்டை கலையக் கூடாதுன்னு நீ சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தே தூங்குவியே... பத்தொன்பது ஹேர்பின்னா? நான் பதினேழுன்னுல்ல நினைச்சேன்... 'ஷூவுல என் முகம் தெரியணும், உன் முகம் யாருக்கு வேணும்'னு... ஐயோ, சிரிக்க வைக்காதடி, வெளியில கேட்கும்!

இரு, இன்னும் மெயின் விஷயத்துக்கே வரல. தலைத்துணியை அவிழ்த்தாங்க பாரு... இடுப்பு வரைக்கும்டி! சத்தியமா! நம்மளை அரை இஞ்ச்சுக்கு வெயில்ல நிக்க வெச்ச மனுஷி, தொப்பிக்குள்ள அவ்வளவையும் சுருட்டி வெச்சிருந்திருக்காங்க... முழுக்க வெள்ளை. இப்ப டை போட்டு விட்டிருக்கேன், அரை மணி நேரம் ஊறணும், அதான் உனக்குப் போன் பண்ண வந்தேன். எதுக்கு டைன்னு கேளு... கேளுடி... கல்யாணம்!... பொண்ணுக்கு இல்ல, பையனுக்கு இல்ல, அவங்களுக்கே! அறுபத்தோரு வயசுல முதல் கல்யாணம்!... கத்தாத! டாக்டர் இருக்கார் பக்கத்துல!

மாப்பிள்ளை யாருன்னு சொல்லவா? வாசல் பெஞ்சுல உட்கார்ந்து பத்திரிகை படிச்சுக்கிட்டு இருக்கார். வந்ததும் என் கடைத் திரையைத் தூக்கிப் பார்த்து, 'தையல் கோணலா இருக்கும்மா'ன்னார்... கரெக்ட்! முகாம் டெய்லர் அண்ணன்!... அவரேதான், கழுத்துல டேப்போட திரிவாரே, வாயே திறக்க மாட்டாரே!

இப்பப் புரியுதா? நம்ம பேண்ட் எல்லாம் எப்பப் பார்த்தாலும் நீளம் தப்பு, நீளம் தப்புன்னு எதுக்குத் திரும்பித் திரும்பித் தையல் கடைக்குப் போச்சுன்னு? அதுவும் மேடமே கையில எடுத்துக்கிட்டுப் போவாங்களே, ஏதோ நம்ம மேல அக்கறைன்னு நினைச்சோமே!... ஆமாடி! நேராவே கேட்டுட்டேன். 'மேடம், எங்க பேண்ட் நிஜமாவே நீளமா இருந்துச்சா'ன்னு. கண்ணாடியில என்னையே பார்த்தாங்க. 'பாதி நாள் சரியாத்தான் இருந்துச்சு'ன்னாங்க!... சொன்னாங்கடி! வெட்கப்பட்டாங்க! அரை இஞ்ச் வெட்கப்பட்டு நான் பார்த்துட்டேன், இனி எனக்கு என்ன வேணும்!

...

சரி. கொஞ்சம் சிரிப்பை நிறுத்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... இல்ல, அவங்களாதான் கேட்டாங்க. 'அந்தச் சுருட்டை முடிக்காரி எங்க இருக்கா'ன்னு... நான் சொல்லிட்டேன், டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கா, நல்லா இருக்கான்னு... தெரியும்டி. நீ மறக்கலைன்னு எனக்குத் தெரியாதா? கடைசி அணிவகுப்பு அன்னிக்குக் கொண்டை சரியில்லைன்னு மேடம் உன்னை முதல் வரிசையிலேர்ந்து பிடிச்சு வெளிய தள்ளினாங்க, நீ ஸ்டோர் ரூம் பின்னாடி நின்னு... உங்க அம்மா ரெண்டு பஸ் மாறி, கேமராவை யார்கிட்டயோ கேட்டு வாங்கிக்கிட்டு வந்து, நீன்னு நினைச்சு என்னைப் படம் எடுத்துட்டுப் போனாங்க. இன்னிக்கும் உங்க வீட்டு அலமாரியில என் முதுகுதானே இருக்கு... இல்ல, நான் விளையாடல.

கேளு. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். 'அன்னிக்கு அவ கொண்டை சரியாத்தான் இருந்துச்சு. பெரிய அதிகாரி வந்திருந்தார். அந்தப் பொண்ணு முடி என்ன இப்படி இருக்குன்னார். சுருட்டை முடி அப்படித்தான் சார் இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரல. பயந்துட்டேன்'னாங்க... ஆமா. பயந்துட்டேன்னு அவங்க வாயால... 'அவளைப் பார்த்துச் சொல்லணும், ஆனா எந்த முகத்தோட கூப்பிடுறது'ன்னாங்க.

...

ஏய்...

...

அழறியா?... சரி, அழு... என்ன? டாக்டர் என்ன பண்றார்?... பஞ்சு குடுக்கிறாரா! எப்பவும் பையிலயே வெச்சிருப்பாரா! ஐயோ கடவுளே... இல்லடி, நான் சிரிக்கல... நீயும்தான் சிரிக்கிற, கேட்குது எனக்கு.

திங்கட்கிழமை காலையில பத்து மணி. பதிவு அலுவலகம். நம்ம செட்டு ஆறு பேரும் வந்து ரெண்டு வரிசையா நிக்கணும்னு அவங்களுக்கு ஆசை. மத்த நாலு பேருக்கு நான் சொல்லிடுவேன். உன்னைத்தான் எப்படிக் கேட்கிறதுன்னு... என்ன? போனை அவங்ககிட்ட கொண்டு போகணுமா?... எதுக்கு? திட்டப் போறியா?... சண்டை போட்டுடாதடி, மணப்பொண்ணு... சரி, சரி, போறேன். கதவைத் திறந்துட்டேன்... மேடம், உங்களுக்குத்தான்... ஆமா மேடம், அவதான்... கையில டை இருக்கா? இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். ம், பேசுடி.

...

ஐயையோ! ஏண்டி இப்படிக் கத்துற! கண்ணாடியெல்லாம் அதிருது! இது என்ன மைதானமா, அட்டென்ஷன் சொல்ல... மேடம்! மேடம், நீங்க எதுக்கு எழுந்துட்டீங்க? அவ சும்மா சொல்றா, உட்காருங்க, டை ஒழுகுது!... ஏய் சுருட்டை, நிஜமாவே நிக்கிறாங்கடி! குதிகால் சேர்த்து, மேல போர்த்தின துணிக்குள்ள கையை ஒட்டி வெச்சுக்கிட்டு!... அண்ணே, நீங்க ஏன் எழுந்தீங்க? உங்களைச் சொல்லலண்ணே!... ஆமாடி, அவரும் நிக்கிறார், பத்திரிகையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு. பக்கத்து நாற்காலியில என் ஹெல்பர் பொண்ணு பாதி முடி வெட்டின கஸ்டமர் அம்மா வேற எழுந்திருச்சுட்டாங்க!

போதும்டி, அட் ஈஸ் சொல்லு, கை காலைத் தளர்த்தட்டும்... சொல்லுடி... கழுத்து வழியா கருப்பா இறங்குது, மூக்குல ஒரு சொட்டு வந்து தொங்குது, துடைக்கக்கூட கையைத் தூக்க மாட்டேங்கிறாங்க. கண்ணு கலங்கி இருக்கு, உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க... என்னது?... வர்றியா? நிஜமா வர்றியா?... மேடம், வர்றாளாம்!... ம்?... நேர்ல வந்துதான் அட் ஈஸ் சொல்லுவியா? அதுவரைக்கும் இவங்க இப்படியே... அடிப்பாவி, இன்னிக்கு வெள்ளிக்கிழமைதான்டி ஆகுது!

ஹலோ?... ஹலோ?