சேர்க்காத ஸலாம்

டீ ஆறிவிடும், முதலில் குடி, அஃபீஃபா. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறேன். உன் அக்கா சம்ரீன் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மெதுவாகப் பேசுவோம்.

மீரான் உன்னிடம் சொன்னது உண்மைதான். சவூதியில், தம்மாமில் என் அண்ணன் ரஃபீக்கோடு ஒரே அறையில் இருந்தவர், அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்? நீ சத்தம் போடாமல் கேட்டால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சம்ரீன் முதலில் என் சிநேகிதி. அதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. காலேஜுக்கு ஒரே பஸ்ஸில் போனோம்; சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் கடலையை இரண்டு பேரும் தின்போம். அத்தாவும் அம்மாவும் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு வீட்டில் எனக்கு அண்ணன், வெளியே அவள். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு நான்தான் பெண் கேட்டேன். நிக்காஹ் முடிந்த வாரமே அண்ணன் ஃபலூடா இரண்டு பார்சல் வாங்கி வந்தார். முன்பெல்லாம் இரண்டு என்றால் அவருக்கும் எனக்கும். அன்று அவர்கள் மாடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். தப்பில்லை, புருஷன் பெண்டாட்டி அப்படித்தான்.

சண்டையை நான் மூட்டவில்லை, அல்லாஹ் அறிவான். லீவு முடிந்து அண்ணன் கிளம்பும் சமயத்தில் அவள் ஸ்கூல் வேலைக்குப் போவேன் என்றாள். "போறவ அப்படியே உங்கம்மா வீட்டுக்கும் போயிடு" என்றார். அவள் மன்னார்புரத்துக்கு உங்களிடம் வந்துவிட்டாள். முதல் போன் அவர் பண்ணட்டும் என்று இவள், அவளே பண்ணட்டும் என்று அவர். இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் ரோஷம்.

நடுவில் நான். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவேன். கிளம்பும்போது, நான் செருப்பு மாட்டுகிற நேரம் பார்த்து, சம்ரீன் மெல்லச் சொல்வாள்: "அவங்களுக்கு என் ஸலாம் சொல்லிடு, வஹீதா." அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? கோபம் போய்விட்டது, கூப்பிட்டால் வருகிறேன் என்று அர்த்தம். சொல்லியனுப்பிய ஸலாம் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி, சேர்த்தே ஆகவேண்டும் என்று மதரஸாவில் உஸ்தாத் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது.

முதல் தடவை மறந்துதான் போனேன். "அவ ஒண்ணும் சொல்லலையா?" என்று அண்ணன் போனில் கேட்டார். அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. "இல்லண்ணே" என்றுவிட்டேன். அன்று அவர் போனை வைக்கவே இல்லை. அத்தா கதை, அம்மா கதை, சின்ன வயதில் நான் காவேரியில் செருப்பை விட்ட கதை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு அவ்வளவு பேசியதே கிடையாது. அடுத்த வெள்ளி சம்ரீன் என் தோளில் சாய்ந்து அழுதாள். "உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றாள். நானும் அழுதேன், அஃபீஃபா. அவள் என் தோளைத் தேடி எவ்வளவு காலமாகியிருந்தது.

அதன் பிறகு நான் மறக்கவில்லை. அவள் கொடுத்ததை அவரிடமும், அவர் கொடுத்ததை அவளிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு கோள் மூட்டியிருப்பேனா? கேட்டுப் பார்.

கடைசியாகப் பேசியபோது அண்ணன் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றார். "சம்ரீனுக்கு ஸலாம் சொல்லு. தப்பு என் மேலதான்னு சொல்லு. ஒரே ஒரு தடவ போன் பண்ணச் சொல்லும்மா, அவ குரலக் கேக்கணும்." சரிண்ணே என்றேன். பக்கத்தில் இருந்த மீரான் காதில் விழுந்து உன்னிடம் சொன்னது இதைத்தான். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். நீதான் பஜ்ஜி போட்டாய். சம்ரீன் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். மறுநாள் மீரான் போன் பண்ணினார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

புருஷன் மௌத்தானவள் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருப்பது புருஷன் வீட்டில்தான் என்று பிடிவாதம் பிடித்து இங்கே வந்தாள். "கடைசியா எனக்கு ஒரு ஸலாம்கூடச் சொல்லலையாடி?" என்று தினமும் கேட்கிறாள். இல்லை என்கிறேன். அழுதுவிட்டு என் கையைப் பிடித்தபடி தூங்குகிறாள்.

நீ அவளை எழுப்பிச் சொல்லத்தான் போகிறாய், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லு. ஆனால் அமானிதத்தைத் தொலைத்தவள் என்று மட்டும் சொல்லிவிடாதே. இரண்டு பேர் கொடுத்த ஸலாமும் ஒன்றுவிடாமல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.