மின்மினியன் விழுந்த பக்கம்

“அதெல்லாம் சரி சார், உங்க பேனா கசியுது. சட்டைப் பையில வைக்காதீங்க.”

அதிகாரி விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “பேச்சை மாத்தாதீங்க. உங்க நண்பரைக் கொன்னீங்களா, இல்லையா?”

நான் பேச்சை மாற்றவில்லை. மையோடு காலம் தள்ளியவனுக்கு எங்கே மை கசிந்தாலும் கண் அங்கேதான் போகும். படக்கதைகளில் மின்மினியனை வரைபவன் நான். அவனுக்குக் கதை எழுதியவன் என் நண்பன். அலுவலகத்தில் அவனைக் ‘கதை’ என்றும் என்னை ‘மை’ என்றும் கூப்பிடுவார்கள். கதை காணாமல் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி. என்னை எப்போதும் அண்ணா என்பாள். இன்று இன்னும் கூப்பிடவில்லை.

அதிகாரி படக்கதை படிப்பவராகத் தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொன்னேன்.

மின்மினியனின் நெஞ்சில் ஒரு விளக்கு உண்டு. அது அணைந்தால் அவன் செத்தான் என்று பொருள். பலமுறை அணைந்திருக்கிறது. கடலில் விழுந்திருக்கிறான், எரிமலைக்குள் குதித்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அட்டைக்குக் கறுப்புக் கரை போடுவோம். நகரமே கூடி அழுவதை இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைவேன். அவனுடைய எதிரிகள்கூட ஓர் ஓரமாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். வாசகர்கள் அலுவலகத்துக்கு மலர்வளையம் அனுப்புவார்கள். பிறகொரு நாள் ஏதாவது ஒரு குகையிலிருந்து தாடியோடு வெளியே வருவான். ஏமாற்றிவிட்டீர்கள் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஏனென்றால் நாங்கள் ஒரு விதியை மீறியதே இல்லை. உடலைக் காட்டக் கூடாது. கிழிந்த மேலங்கியைக் காட்டலாம், உடைந்த முகமூடியைக் காட்டலாம். உடலைக் காட்டாதவரை வாசகன் ஒரு கண்ணால்தான் அழுவான். மற்றக் கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதமான அழுகை அது.

கதைக்கு அது சலித்துவிட்டது.

“பொய்யா அழ வெச்சது போதும்டா மை,” என்றான். “இந்தத் தடவை உடம்பைக் காட்டுறோம். கண்ணு திறந்தே கிடக்கணும். அவன் பொண்டாட்டி வந்து அதை மூடணும்.”

“வாசகர்கள் தாங்க மாட்டாங்கடா.”

“அவங்க தாங்குவாங்க. நீதான் தாங்க மாட்டே.”

அவன் பேச்சில் எப்போதும் இந்தக் குத்தல் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. உடலை மட்டும் எடுத்துவிடு, மற்றதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று பொறுமையாகக் கேட்டேன். எத்தனையோ விதமாகக் கேட்டேன். அவன் சிரித்தான். முதலில் கொலை செய்யத் துணிந்தவன் யார் என்பதை அதிகாரி குறித்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை.

மின்மினியன் விழும் காட்சிக்கு மாதிரி பார்க்க, பாதியில் நின்றுபோன ஓர் உயரமான கட்டடத்துக்குப் போனோம். விழும்போது உடம்பு எப்படி வளையும் என்று காட்ட அவன் விளிம்புக்கு வெளியே சாய்ந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

“விட்டுடாதடா, நாளைக்கு நான்தான் உனக்கு வசனம் எழுதணும்,” என்றான்.

படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். முக்கியமானதெல்லாம் அங்கேதான் நடக்கும். அதை நாங்கள் வரைவதில்லை. முதல் கட்டத்தில் நான் அவனைப் பிடித்திருக்கிறேன். அடுத்த கட்டத்தில் என் கை காலியாக இருக்கிறது. கை வழுக்கியதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. வியர்வைகூட இல்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக விரித்தேன்.

பிறகு கீழே இறங்கிப் போய், யார் கண்ணிலும் படாதபடி அவனைப் பத்திரப்படுத்தினேன். அவன் மனைவிக்கும் மகளுக்கும் செய்ய வேண்டிய உதவி அது. உடல் கிடைத்திருந்தால் அன்றைக்கே அவன் செத்திருப்பான்.

அவளைப் பார்க்க அடிக்கடி போனேன். அவன் பல் துலக்கும் பிரஷைக்கூட இடம் மாற்றாமல் வைத்திருந்தாள். “உடம்பைக் கண்ணால பாக்காம அழாதம்மா, வந்துடுவான்,” என்பேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போகும். மின்மினியனின் மனைவிக்கு அந்த முகத்தைத்தான் வரைந்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல முகம் அதுதான். ஒருநாள் அவள், “எனக்கு அழணும் அண்ணா. ஒரு தடவை வாய்விட்டு அழுதுட்டா போதும்,” என்றாள். அவசரப்படாதே என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

இதழ் வெளிவந்தது. உடல் இல்லை. மேகத்துக்குள் மறையும் ஒரு ஜோடி காலணிகளோடு முடித்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். “என்ன மை, மாவீரனுக்கு ரோஸ் கலர் லேஸா?” அதுவரை நான் கவனிக்கவில்லை. கண் பார்த்ததைக் கை வரைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் அந்த இதழோடு என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அன்னிக்கு அவரை நீங்க பாக்கவே இல்லன்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

“அப்போ இது?” காலணியின் மேல் விரலை வைத்தாள்.

“ஏதோ கற்பனை.”

“அவரோட லேஸ் அன்னிக்குக் காலையிலதான் அறுந்துபோச்சு. பாப்பாவோட ஷூவுல இருந்து உருவி நான்தான் கட்டிவிட்டேன். ஒரு கால்ல மட்டும். நீங்களும் ஒரு கால்லதான் போட்டிருக்கீங்க.”

நான் தூரிகையைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோதும் அவள் அதே இடத்தில் நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் நான் தந்த தண்ணீரைக்கூட அவள் குடிக்கவில்லை. இந்த அறைக்கு என்னைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதிகாரி பெருமூச்சு விட்டார். இதழில் நான் வரைந்திருந்ததை வைத்தே அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்து, ஏற்கெனவே சுற்றித் தோண்டிப் பார்த்துவிட்டார்களாம், ஒன்றும் கிடைக்கவில்லையாம். “உடம்பு இல்லாம கேஸ் நிக்காது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் தொழிலிலும் இதே விதிதான் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. கொன்றேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். இடத்தைச் சொன்னால்தான் கொன்றவன் ஆவேன். இத்தனை நாள் அவனை உயிரோடு வைத்திருப்பது நான் ஒருவன்தான்.

அப்போது அவள் எழுந்து வந்தாள். மேசையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதிகாரியின் கசியும் பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தாள். பேனா முனையைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் ஊறிப் பெரிதாகத் தொடங்கியது.

“அண்ணா,” என்றாள். “அவர் கிடக்குற அந்த அடுத்த கட்டத்தை மட்டும் வரைஞ்சு குடுங்க. நான் அவர் கண்ணை மூடணும்.”